சுடுதண்ணி

உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது
எங்கள் ஜப்பான்.
படியேறும்போதே யூரியா வாடை.
ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபேன்.
மன்னார்குடியில் கரண்ட் போனால்
டோக்கியோவும் சேர்ந்து போய்விடும்
கிகுச்சி மேடத்தின் பாதி வாக்கியத்தோடு.

நான், ஜெசிந்தா, வடுவூர் இரட்டையர்,
பேங்க் வேலையை விட்டதை
வீட்டில் இன்னும் சொல்லாத ஞானசுந்தர்.
நாங்கள் சம்பளத்துக்குப் படிக்கிறோம்.
கூத்தாநல்லூர் ஷாகுல் மட்டும் அனிமேக்காக.
தமிழ் டப்பிங்கில் வில்லன்
கடன் கேட்டு வந்தவர் மாதிரி பேசுகிறானாம்.
ஒரிஜினலில் அழணுமாம் அவனுக்கு.

முதல் வாரம், "நான்" என்று சொல்லச் சொன்னார்கள்.
"ஓரே" என்றேன், உரக்க.
திரைக்குள் மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்.
அது ஆம்பளைப் பசங்க சொல்வது,
அதிலும் வாளோடு திரிகிறவர்கள்.
இரண்டு வருஷம் நைட் டியூட்டியில்
சலைன் சொட்டுகிற நேரமெல்லாம்
இயர்போனில் கற்ற மொழி.
சண்டைக்காரனின் வாய்
எனக்கு ஒட்டிக்கொண்டது தெரியவில்லை.
"வதாஷி" என்று மாற்றிக்கொண்டேன்.
புது யூனிஃபார்ம் போல
இன்னும் தோளில் நிற்கவில்லை.

பத்தாம் வகுப்பு இங்கிலீஷில்
வினையை நடுவில் செருகத் தெரியாமல்
மூன்று முறை தோற்றவள் நான்.
இது அப்படியில்லை.
யார், எதை, எங்கே, எல்லாம் சொல்லிவிட்டு
செய்ததைக் கடைசியில் வைக்கிறார்கள்,
கதிர்க்கட்டைக் களத்தில் இறக்குகிற மாதிரி.
"ஐ"க்கு ஒரு எழுத்து, "கு"வுக்கு ஒரு எழுத்து,
"ன்னு சொன்னாங்க" கூட இருக்கிறது.
புறணி பேச வாட்டமான பாஷைடி, என்றாள் ஜெசிந்தா.
நெல்லுக்கு ஒரு சொல், அரிசிக்கு ஒன்று,
சோற்றுக்கு வேறொன்று என்றதும்
இரட்டையரில் ஒருவன் பெஞ்சைத் தட்டினான்:
"நம்ம பயலுவடா!"

தண்ணீரில்தான் மாட்டினேன்.
மிஸு என்றால் தண்ணீர்.
சூடானால் அதன் பெயர் ஓயு.
சூடான மிஸு என்று சொல்லவே கூடாது என்றார் மேடம்.
படுக்கையில் கிடப்பவரைத் துடைக்கப் போகிறீர்கள்,
இது முக்கியம்.
எங்கள் ஊரில் சுடுதண்ணி என்போம் என்றேன்.
அதை உடைத்துக் காட்ட அரைமணி ஆனது.
தண் என்றால் குளிர்.
தண்ணீர், குளிர்ந்த நீர்.
சுடுதண்ணி, சுடுகிற குளிர்ந்த நீர்.
ஆமாம் மேடம், அதில்தான் குளிக்கிறோம்.
அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.
சிரித்தாரா தெரியவில்லை, கரண்ட் போய்விட்டது.

மே மாசம் நேர்காணல்.
நீகாட்டாவில் ஒரு முதியோர் இல்லம்,
திரையில் மூன்று பேர், மூன்று டை.
உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?
"கவா கா அரிமாஸ்." ஆறு இருக்கிறது.
(கவான்னா ஆறு, அருன்னா இருக்கு,
அப்போ ஆறு அரு, என்று ஷாகுல்
ஒரு வாரம் இதையே சொல்லித் திரிந்தான்.)
அதில் நீந்துவீர்களா?
பாமணியில் அப்போது
பசங்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.
கிரிக்கெட்டுக்கு வார்த்தை தெரியும்,
மேட்டூருக்கு எப்படிச் சொல்வது?
"மேட்டூர் திறந்தால்" என்று தொடங்கினேன்.
அந்த "தால்" அவர்களிடமும் இருக்கிறது,
கிட்டத்தட்ட அதே சத்தத்தில்.
மூவரும் தலையைச் சாய்த்து
வினைக்காகக் காத்திருந்தார்கள்.
எனக்கு வரவில்லை.
பரவாயில்லை என்று எதையோ குறித்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் மெயில் இல்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு மூணாம் பெட்டில்
வயிறு வலிக்கிறது என்கிறார் ஒருவர்.
"ஓயு கொண்டா" என்றேன் தூக்கத்தில்.
"ஆரு சிஸ்டர் அது?" பங்கஜம் முழித்தாள்.
சுடுதண்ணி.
"பிளாஸ்க்குல இருந்துச்சு. ஆறிப்போச்சு."

ஆறிப்போன சுடுதண்ணிக்கு
அங்கே என்ன பெயர்,
நாளைக்கு மேடத்தைக் கேட்கணும்.